அக்ராவில் வென்ற தங்கத்துக்கு ஏன் பூட்டு? சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவருக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், போட்டி அட்டவணையையும் ஒலிம்பிக் தகுதி விதிகளையும் எழுதுகிற அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். உங்கள் கூட்டமைப்பின் 15,000 டாலர் போட்டிகள் (மொத்தப் பரிசே அவ்வளவுதான்) எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் கோர்ட்டை ஒட்டி ஒரு மேஜை போட்டு, மெஷினை வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். தரவரிசையில் 400, 600, 900 என்று இருக்கும் ஆட்டக்காரர்களை அப்படித்தான் பழக்கம். அவர்கள் கைப்பிடியில் சுற்றியிருக்கும் டேப் எத்தனை நாள் பழையது என்பது வரைக்கும் தெரியும். கென்யாவின் ஏஞ்செலா ஒகுடோயியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 2022 முதல் அவருடைய ஸ்கோரைத் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவர் பொருட்டுத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறேன். மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்கு வருகிற மொழி இதுதான். என்னோடு சேர்ந்து உங்களிடம் கேட்கக்கூடிய டென்னிஸ் ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

2024 மார்ச்சில் கானாவின் தலைநகர் அக்ராவில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பெண்கள் ஒற்றையரில் ஏஞ்செலா தங்கம் வென்றார். அந்தத் தங்கத்துக்குப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் இடம் உண்டு என்று விதி சொன்னது. அதே விதி, அந்த இடம் கைக்கு வர வேண்டுமானால் ஜூன் 10ஆம் தேதித் தரவரிசையில் அவர் முதல் 400 பேருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவர் 400க்கு வெளியே இருந்தார். பாரிஸில் கென்யாவுக்காக யாரும் டென்னிஸ் ஆடவில்லை.

அந்த 400 என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அடுத்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகள் 2027இல் கெய்ரோவில் நடக்க இருக்கின்றன. அதற்கு அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். இப்போது கேட்டால்தான் நேரம் இருக்கும்.

ஏஞ்செலா 2004 ஜனவரியில் பிறந்தவர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். பிள்ளைகள் பிறந்த கையோடு தாய் இறந்துவிட்டார். நைரோபியில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்த்த பாட்டிதான் வளர்த்தார். இதை நான் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை டென்னிஸ் ஆடத் தொடங்கி, பதினெட்டு வயதில் விம்பிள்டன் புல்தரையில் நிற்கும் வரைக்கும் எத்தனை ஜோடி ஷூ, எத்தனை ராக்கெட், எத்தனை விமான டிக்கெட் ஆகும் என்று என் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கு அந்தப் பாட்டியின் சம்பளத்தில் எங்கே அடங்கும்?

2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பிரிவில் அவர் முதல் ஆட்டத்தை வென்றார். கிராண்ட்ஸ்லாம் ஜூனியர் ஒற்றையரில் ஒரு கென்யப் பெண் வென்ற முதல் ஆட்டம் அது. அதோடு நிற்காமல் மூன்றாம் சுற்று வரை போனார். அந்த வருடம் ஜூலையில் விம்பிள்டன் ஜூனியர் இரட்டையரில் நெதர்லாந்தின் ரோஸ் மேரி நைகாம்போடு சேர்ந்து ஆடி, இறுதிப் போட்டியில் கனடாவின் கேலா கிராஸ், விக்டோரியா எம்போகோ ஜோடியைத் தோற்கடித்தார். ஸ்கோர் 3-6, 6-4, 11-9. கென்யாவுக்குக் கிடைத்த முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம்.

11-9 என்றால், மூன்றாம் செட்டுக்குப் பதிலாக ஆடும் பத்துப் புள்ளி டை-பிரேக்கில் ஒரு கட்டத்தில் 9-9 என்று நின்றிருக்கிறது. அந்த இடத்தில் கை நடுங்காத பிள்ளைகளை எனக்கு மிகக் குறைவாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் நரம்பு இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நெஞ்சுதான் ஆட வேண்டும். நான்கு பேரும் ஜூனியர்கள், ஏறக்குறைய ஒரே தரம். நடுவில் இருந்த இடைவெளி இரண்டே இரண்டு புள்ளி.

அன்று தோற்ற எம்போகோவை இன்று டென்னிஸ் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2025ஐ அவர் முதல் 300க்கு வெளியேதான் தொடங்கினார். முதல் மாதங்களில் உங்கள் சின்னப் போட்டிகளை வரிசையாக வென்று மேலே ஏறினார். ஆகஸ்டில் மான்ட்ரியலில் கனடிய ஓபனுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துகிறவர்கள் கொடுக்கும் நேரடி இடம், கிடைத்தது. முன்னணி ஆட்டக்காரர்களான காஃப், ரைபாகினா என்று ஒவ்வொருவராக வீழ்த்தி, இறுதியில் ஒசாகாவையும் வென்று பட்டம் எடுத்தார். அந்த இறுதி ஆட்டத்தைத் தூங்காமல் பார்த்தேன், எழுந்து நின்று கை தட்டினேன். அந்தப் பெண்ணின் உழைப்பில் ஒரு துளியைக்கூட நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எம்போகோவின் பெற்றோர் காங்கோவிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். அதனால் இரண்டு பெண்களுக்கும் வேர் ஆப்பிரிக்காவில்தான். ஒருவர் வளர்ந்த நாட்டில் தேசியப் பயிற்சி மையம் இருக்கிறது, உள்ளூரிலேயே பெரிய போட்டி இருக்கிறது, அந்தப் போட்டியில் சொந்த நாட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வைல்டு கார்டு இருக்கிறது. இன்னொருவர் வளர்ந்த நாட்டில் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டியே கிடையாது. ஆண்கள் பக்கமும் இதே கதைதான். ஆண்கள் சங்கமான ஏடிபியின் வரிசையில் 54 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் மொராக்கோவின் மராகேஷில் ஒரே ஒரு போட்டி. போட்டி இல்லாத இடத்தில் வைல்டு கார்டு எங்கிருந்து வரும்?

சரி, சின்னப் போட்டிகளாவது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆப்பிரிக்காவில் நிறையப் போட்டி நடத்துகிறோம் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட. துனிசியாவின் மொனாஸ்டிரிலும் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கிலும் வாரா வாரம் நடத்தியிருக்கிறீர்கள். ஆனால் வரைபடத்தை விரித்து ஒருமுறை பாருங்கள். நைரோபியிலிருந்து மொனாஸ்டிருக்கு ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர். லண்டனிலிருந்து மொனாஸ்டிருக்கு இரண்டாயிரத்துக்குள்தான். அங்கே ஆட வருகிற ஐரோப்பியப் பெண்ணுக்கு அது ஒரு குட்டிப் பயணம். கென்யப் பெண்ணோ கெய்ரோ, இஸ்தான்புல், தோஹா என்று எங்காவது இறங்கி விமானம் மாறிப் போய்ச் சேர வேண்டும். போய் இறங்கி, முதல் சுற்றில் தோற்றால் 15,000 டாலர் போட்டியில் கையில் வருவது ஏறத்தாழ 150 டாலர். அதிலும் வரி பிடிப்பார்கள். பட்டமே வென்றாலும் 15 தரவரிசைப் புள்ளிதான். 400க்குள் வர நூற்றுக்கு மேல் புள்ளி வேண்டும்.

அப்புறம் விசா. இதை உங்கள் அலுவலகத்தில் யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்களா என்று எனக்கு நீண்ட நாளாகக் கேள்வி. உங்கள் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள், போட்டி தொடங்க இரண்டரை வாரத்துக்கு முன்னால் வருகிறது. அதற்குப் பிறகுதான் யார் பிரதானச் சுற்றில், யார் தகுதிச்சுற்றில், யார் காத்திருப்போர் பட்டியலில் என்பது தெரியும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பரிசீலிக்கப் பதினைந்து நாள் ஆகும் என்பது அவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. தூதரகத்தில் நேரம் வாங்கக் காத்திருப்பது தனி. ஜெர்மனிப் பெண் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடலாம். யாராவது விலகினால் ஆடலாம், இல்லையென்றால் பக்கத்து நாட்டுப் போட்டிக்குப் போய்விடலாம். நைரோபிப் பெண்ணால் அது முடியாது. நிச்சயமில்லாத இடத்துக்கு விசா கேட்டால் கொடுக்க மாட்டார்கள், நிச்சயமான பிறகு கேட்டால் நேரத்துக்கு வராது.

பல வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் நடந்த ஓர் ஆண்கள் போட்டிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பெயர் வேண்டாம். மூன்று ராக்கெட் வைத்திருந்தான். தகுதிச்சுற்றுக்கு முந்தின நாள் மாலை, நரம்பு அறுந்த இரண்டை மேஜையில் வைத்துவிட்டு, நெடுக்கு நரம்பை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டான். குறுக்கு நரம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டால் பாதிக் காசில் முடியுமே என்று அவனுக்கு எண்ணம். அப்படிச் செய்ய முடியாது தம்பி, நெடுக்கை உருவினால் குறுக்கும் தொய்ந்துபோகும், பந்து எங்கே போகும் என்று உனக்கே தெரியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்றை மட்டும் கட்டக் கொடுத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் கட்டி வைத்துவிட்டேன்.

மறுநாள் அவன் தோற்றான், மூன்று செட் ஆடி. அவனுடைய விமான டிக்கெட் அடுத்த வாரப் போட்டிக்குப் பிறகுதான். தேதி மாற்றினால் கட்டணம். அந்த ஏழு நாளும் மதிய வெயிலில் பின்பக்கச் சுவரில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்குப் பயிற்சியாளர் பந்து போட்டுக் கொடுப்பார், இவனுக்குச் சுவர். நாலாம் நாள் என்னிடம் வந்து, நான் வெட்டிப் போட்ட பழைய நரம்புத் துண்டுகளில் நீளமானதைத் தேடி எடுத்துக் கொண்டு போனான். எதற்கு என்று கேட்டேன். ஊரில் சின்னப் பிள்ளைகளின் ராக்கெட்டில் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட என்றான்.

ஏஞ்செலாவின் ஸ்கோரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த முடிச்சு ஞாபகம் வரும்.

நான் உணர்ச்சிவசப்பட்டு மட்டும் பேசவில்லை. 2013ஆம் வருடக் கணக்கை வைத்து நீங்களே ஓர் ஆய்வு செய்தீர்கள். வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336ஆவது இடம், பெண்களில் 253ஆவது இடம் என்று அதில் வந்தது. அதுவும் பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமல். அப்படியானால் 400ஆவது இடத்தில் இருக்கிற பெண் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார் என்பது உங்கள் கணக்குப்படியே உறுதி. இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு பெரிய நாட்டின் முதல் ஆட்டக்காரருக்கே அந்த நிலை. கென்யப் பெண்ணின் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஏடிபி 2024இல் குறைந்தபட்ச வருமான உறுதித் திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். அதுவும் 250ஆவது இடத்தோடு நின்றுவிடுகிறது. 2025இல் விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு. அந்தப் பணம் அவர்களுக்குப் போகக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதே புல்தரையில் ஜூனியர் பட்டம் வென்ற ஏஞ்செலாவுக்குப் பரிசுத்தொகை கிடையாது, ஜூனியர் போட்டிகளுக்கு அது வழக்கம் இல்லை. கோப்பையோடு ஊருக்குத் திரும்பின பிள்ளைக்கு அடுத்த வாரப் பயணச் செலவு அதே பழைய கேள்வியாகத்தான் நின்றிருக்கும்.

அவர் எடுத்த முடிவும் அதற்கேற்ற முடிவுதான். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே படிப்பு, தங்க இடம், பயிற்சியாளர், உடற்பயிற்சிக் கூடம், ராக்கெட்டுக்கு நரம்பு எல்லாம் உண்டு. அவர் இடத்தில் என் மகள் இருந்தால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். 1995இல் 100ஆவது இடம் வரை போன கென்யாவின் பால் வெகேசாவும் அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்தவர்தான். ஆனால் கல்லூரி அணிகளின் சீசன் ஜனவரி முதல் மே வரை. அந்த ஆட்டங்களுக்கு டபிள்யூடிஏ புள்ளி கிடையாது. மார்ச்சில் கண்டத்தின் சாம்பியன் ஆகிற ஒரு மாணவிக்கு, ஜூன் 10க்குள் உலகத் தரவரிசையில் ஏறிக் காட்டு என்றால் எந்த மாதத்தில் ஏறுவார்? மூன்று மாதம்கூட முழுசாக இல்லையே.

அந்த 400 எதற்காக என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒலிம்பிக் களத்தில் ஆட்டத்தின் தரம் குறையக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் தரவரிசை அளப்பது ஆட்டத்தை மட்டுமா? ஒருவர் வருடத்துக்கு எத்தனை விமானம் ஏற முடிந்தது என்பதையும் சேர்த்துத்தானே அது அளக்கிறது? 1988இல் பிரான்ஸின் லியோன் போட்டியில் செனகலின் யஹியா டும்பியா தகுதிச்சுற்றிலிருந்து வந்து பட்டமே வென்றார். அப்போது அவருடைய தரவரிசை 453. உங்கள் 400 என்ற கோட்டை அன்று லியோன் வாசலில் போட்டிருந்தால் அவரால் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. 1983 விம்பிள்டனில் நைஜீரியாவின் ண்டுகா ஒடிசோர் முதல் சுற்றிலேயே அர்ஜென்டினாவின் நட்சத்திர ஆட்டக்காரர் கில்லெர்மோ விலாஸை வீழ்த்தி நான்காம் சுற்று வரை போனார். இப்படிப்பட்டவர்கள் வரிசையில் வருகிற பெண்தான் ஏஞ்செலா. 9-9இல் நின்று ஜெயித்த பெண் ஒலிம்பிக்கில் முதல் சுற்று ஆடத் தகுதியானவரா என்று பார்க்க அக்ரா போதும்.

சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் நீங்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். 2019 தொடக்கத்தில் 15,000 டாலர் போட்டிகளுக்கு ஏடிபி, டபிள்யூடிஏ புள்ளிகள் கிடையாது என்று முறையை மாற்றினீர்கள். கீழ்மட்டத்தில் ஆடுகிறவர்கள் உலகம் முழுவதும் குரல் கொடுத்தார்கள். அந்த வருடமே புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். என் மேஜைக்கு வந்த பிள்ளைகள் அன்று எவ்வளவு நிம்மதியோடு பேசினார்கள் என்பதை நான் மறக்கவில்லை. எழுதின விதியைத் திருத்தத் தெரிந்த சபைதான் உங்களுடையது. 1986லிருந்து கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் பணத்தை எடுத்து, வசதியில்லாத நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயண உதவி கொடுத்துவருவதும் உங்கள் வழியாகத்தான். அதில் பயனடைந்த பிள்ளைகள் நிறைய. ஜூனியர் வயதைத் தாண்டினவர்கள் எல்லோரையும் அந்த உதவி எட்டுவதில்லை என்பதுதான் என் வருத்தம். பதினெட்டு முடிந்து, பெண்கள் சுற்றுக்குள் கால் வைக்கிற அந்த மூன்று நான்கு வருடத்தில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

போட்டி அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ருவாண்டாவின் கிகாலியில் 2024இல் தொடங்கி ஆண்களுக்குச் சேலஞ்சர் (ஏடிபியின் இரண்டாம்நிலை) போட்டி அடுத்தடுத்த வாரங்களில் நடக்கிறது. கிகாலியால் முடிகிறது என்றால் நைரோபியால் முடியும், கம்பாலாவால் முடியும், லாகோஸில் பல வருடமாகவே நடந்துவந்திருக்கிறது. பெண்களுக்கு ஆறு வாரம் தொடர்ச்சியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் W35 போட்டிகளை (பட்டம் வென்றால் 35 புள்ளி தருபவை) வைத்துப் பாருங்கள். பஸ்ஸிலும் குட்டி விமானத்திலும் ஊர் ஊராகப் போய் ஆடலாம். ஷெங்கன் விசா வேண்டாம், மூன்று விமானம் மாற வேண்டாம். ஐரோப்பியப் பெண்களும் வரட்டும், அவர்களும் கொஞ்சம் தூரம் பயணம் செய்து ஆடட்டும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறவர்களுக்கும் விசாவுக்கு முன்கூட்டியே அழைப்புக் கடிதம் கொடுங்கள். இதற்குக் காகிதச் செலவைத் தவிர வேறு செலவில்லை.

இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகும், தெரியும். 400 நிபந்தனையை எடுக்க வருடங்கள் வேண்டாம். உங்கள் ஆட்சிக்குழு ஒருமுறை கூடினால் போதும், ஒலிம்பிக் கமிட்டியிடம் நீங்கள் எடுத்துச் சொன்னால் போதும். கெய்ரோவில் ஒற்றையர் தங்கம் வெல்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் இடம், வேறு கேள்வியில்லை என்று எழுதுங்கள். அது ஏஞ்செலாவாக இருக்கலாம், எகிப்துப் பெண்ணாக இருக்கலாம், இன்னும் ஜூனியரில் ஆடிக்கொண்டிருக்கும் வேறு யாராகவும் இருக்கலாம்.

கெய்ரோவில் பெண்கள் இறுதி ஆட்டம் நடக்கிற அன்று மெஷினை மூடி வைத்துவிட்டு ஸ்கோர் பார்க்க உட்காருவேன். கடைசிப் புள்ளி முடிந்த பிறகு, அந்தப் பெண் ஜூன் மாதத் தரவரிசையைப் பற்றி நினைக்காமல் தன் வீட்டுக்குப் போன் போட்டு, நான் ஒலிம்பிக் போகிறேன் என்று சொல்ல முடிய வேண்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் ஒரு டென்னிஸ் ரசிகன்